இறங்காத மென்பொருள், உடைந்த பல்

என்னைக் கீபோர்டால் அடித்துப் பல்லை உடைத்தவளுக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். எந்தக் காரியம் நடக்கவில்லை என்று அவள் அடித்தாளோ, அந்தக் காரியம் அதே நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்திருந்தது. திரையில் பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அடித்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அன்று காலையிலிருந்து அந்தப் படிக்கட்டில் நின்ற யாருக்கும் கையைச் சும்மா வைத்திருக்க முடியாத நிலைமை.

நான் அப்போது சங்கரன்கோவிலில், ராஜபாளையம் சாலையில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். கீழே விசைத்தறிக்காரர்களுக்கு நூல் விற்கும் குடோன். மேலே எங்கள் கூடம். கணினி கெட்டுப்போனால் சரிசெய்வது, மென்பொருள் ஏற்றுவது, நீக்குவது எல்லாம் என் பொறுப்பு. முதலாளிக்குக் கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். அவருடைய மச்சினன் அங்கேயே சாயங்கால வகுப்பில் கணக்கு மென்பொருள் சொல்லிக்கொடுத்தான். வாய்க்கு முன்னால் கை நீளும் ஆள். ஒருமுறை பிரிண்டரில் பேப்பர் சிக்கியது என்று பிரிண்டரையே உதைத்து மூடியைப் பெயர்த்துவிட்டான். நான்தான் டேப் போட்டு ஒட்டினேன்.

அந்த வருடம் ஒரு பெரிய நிறுவனத்தின் கிளார்க் வேலைக்கு நடந்த கணினித் தேர்வுக்கு எங்கள் கூடமும் ஒரு மையம் ஆனது. தேர்வை நடத்துவதற்கென்று இருந்த கம்பெனி ஒரு மென்பொருளை அனுப்பியது. அது ஓட ஆரம்பித்துவிட்டால் கணினியில் வேறு எதையும் திறக்க முடியாது. கேள்வி மட்டும்தான் வரும். தேர்வுக்கு முந்தைய வாரமே எல்லாக் கணினிகளிலும் அதை ஏற்றி, ஒத்திகையும் பார்த்து முடித்திருந்தேன். ஒரு கணினிகூட மக்கர் செய்யவில்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

தேர்வன்று காலையில் நான் கூடத்தைத் திறக்கும்போதே படிக்கட்டில் ஆள் உட்கார்ந்திருந்தது. சிவகிரியிலிருந்து, குருவிகுளத்திலிருந்து, கடையநல்லூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள். கைக்குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் செல்போனில் எதையோ படித்துக்கொண்டிருந்த பெண்கள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஆண்கள். கணினிகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். எல்லாத் திரையிலும் ஒரே செய்தி: புதிய பதிப்பு வந்திருக்கிறது, பதிவிறக்கம் செய்து நிறுவினால்தான் தேர்வு தொடங்கும்.

சரி, அது ஒன்றும் பெரிய வேலை இல்லை என்று அழுத்தினேன். கோடு தொடங்கிய இடத்திலேயே நின்றது. பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்று வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதேதான். அடுத்த கணினி, அதற்கடுத்தது. கூடம் முழுக்க அதே சிவப்பு எழுத்து.

முதலில் இணைய இணைப்பைத்தான் சந்தேகப்பட்டேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். அதே ஒயரை உருவி என் சொந்த லேப்டாப்பில் சொருகிப் பார்த்தால், அந்தப் புதிய பதிப்பு கண்மூடித் திறப்பதற்குள் இறங்கிவிட்டது. அப்படியானால் இணைப்பில் கோளாறு இல்லை. கம்பெனியின் சர்வரிலும் கோளாறு இல்லை. எங்கள் கணினிகளில்தான் ஏதோ இருக்கிறது. வைரஸ் தடுப்பை நிறுத்தினேன். ஹார்டு டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன், தாராளமாக இருந்தது. தேர்வுக் கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு பையன், பழைய பதிப்பை நீக்கிவிட்டு முயற்சி செய்யுங்கள் மேடம் என்றான். ஒரு கணினியில் நீக்கினேன். பழையதும் போனது, புதியதும் வரவில்லை.

என் லேப்டாப்பில் இறங்கியதைப் பென்டிரைவில் எடுத்துப்போய் நேராகவே நிறுவிப் பார்த்தேன். இந்த மென்பொருளின் டிஜிட்டல் கையொப்பத்தை நம்ப முடியாது என்று ஒரு பெட்டி வந்து, நிறுவுவது நின்றுபோனது. அதே கோப்பு என் லேப்டாப்பில் ஒழுங்காக ஏறியது.

கம்பெனி அனுப்பிய மேற்பார்வையாளர் திருநெல்வேலிக்காரர். அவர் மூலையில் நின்றுகொண்டு போனில் "சரி சார், சரி சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதலாளி என்னிடம் வந்து காதோடு கேட்டார்.

"என்னம்மா, கழுத்த அறுக்கே? கீழ ஆளு பூராம் கூப்பாடு போடுதான்."

"பாத்துக்கிட்டுதான் சார் இருக்கேன். ஒரு வாரத்துல இதுல ஏதோ மாறியிருக்கு. யாரும் தொட்டீகளா?"

"யாரு தொடப்போறா? உனக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

மச்சினன் வாசல் கதவில் சாய்ந்து நின்றான். அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

தேர்வு தொடங்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. படிக்கட்டில் வெக்கை. கீழே நூல் குடோனில் லாரி வந்து நின்றதால் தெருவில் நிற்கவும் இடமில்லை. இரண்டாவது நேரத்துத் தேர்வுக்கு வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ ஒருவன் செல்போனைப் பார்த்துவிட்டு, வேறு ஊர்களில் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது என்று சத்தம் போட்டான். அது உண்மைதான். அதற்கடுத்து இன்னொருவன் சொன்னது பொய்: உள்ளே காசு கொடுத்தவர்களை உட்காரவைத்து எழுதவைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் கதவைத் திறக்கவில்லை என்றான். அந்தப் பொய் படிக்கட்டில் இறங்கித் தெருவுக்குப் போய்த் திரும்பி மேலே வந்தபோது இரும்புக் கேட் ஆட ஆரம்பித்தது.

"ஏலே, கதவத் தொறங்கலே! எவனுக்குலே விக்கீங்க எங்க சீட்ட?"

வாட்ச்மேன் அண்ணாச்சி கேட்டுக்குக் குறுக்கே நின்றார். வயதானவர். அவரைத் தோளைப் பிடித்துச் சுவரில் தள்ளினார்கள். தலை சுவரில் மோதிய சத்தம் எனக்குக் கூடத்துக்குள் கேட்டது. தேங்காய் மோதிய மாதிரி இருந்தது.

நான் அந்த நேரத்தில் கடைசி வரிசையில், ஜன்னலோரக் கணினியில் உட்கார்ந்திருந்தேன். அந்த 'நம்ப முடியாது' பெட்டியில் 'விவரம்' என்று ஒரு சிறு பொத்தான் இருந்தது. அதுவரை அதை அழுத்தவில்லை. அழுத்தினேன். இந்தச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று இருந்தது. காலாவதியாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் அது வழக்கமான கோளாறு. இன்னும் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? கண் தானாகத் திரையின் கீழ் மூலைக்குப் போனது. மணி சரி. தேதி சரி. மாதமும் சரி. வருடம் மட்டும் போன வருடம்.

கணினி தன்னைப் போன வருடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. இந்த வருடம் வழங்கப்பட்ட சான்றிதழ் அதற்கு எதிர்காலத்திலிருந்து வந்த பொய்க் காகிதம். அதனால்தான் எதையும் இறக்கவும் விடவில்லை, ஏற்றவும் விடவில்லை. எப்படி மாறியது என்பதும் அடுத்த நொடியே புரிந்துவிட்டது. கணக்கு வகுப்பு மென்பொருளின் இலவச உரிமம் அந்த வாரம் முடிந்திருந்தது. அதை ஏமாற்றித் தொடர்ந்து ஓட்டுவதற்காக மச்சினன் எல்லாக் கணினியிலும் வருடத்தைப் பின்னால் தள்ளி, தானாகத் திருத்திக்கொள்ளும் வசதியையும் நிறுத்திவைத்திருக்கிறான்.

நான் வருடத்தை மாற்றினேன். பதிவிறக்கத்தை அழுத்தினேன். கோடு ஓடியது. எழுந்து நின்று கத்தினேன்.

"கெடச்சிட்டு! வந்துட்டு, எல்லாரும் இருங்க, வந்துட்டு!"

என் குரலை மீறிக்கொண்டு கண்ணாடிக் கதவு உடைந்தது. சில்லு அருவி மாதிரி தரையில் கொட்டியது. அதை மிதித்துக்கொண்டே கூட்டம் உள்ளே வந்தது. முன்னால் வந்தவன் முதல் மேசையிலிருந்த மானிட்டரை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் அடித்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அது அனுமதி கொடுத்தது போல ஆகிவிட்டது. நாற்காலி பறந்தது. மானிட்டர்கள் ஒவ்வொன்றாகக் குப்புற விழுந்தன. மேற்பார்வையாளரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தார்கள். அவர் போன் கையிலிருந்து தெறித்தது. முதலாளி உள்ளறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மச்சினனைக் காணவேயில்லை.

நான் அந்த ஒரு கணினியை மறைத்துக்கொண்டு நின்றேன். கையை விரித்து, இதை மட்டும் உடைக்காதீர்கள் என்று கத்தினேன் போலிருக்கிறது. அப்போதுதான் அவள் வந்தாள். நீலச் சுடிதார், தேர்வு அனுமதிச் சீட்டைப் பின் குத்தி நெஞ்சில் மாட்டியிருந்தாள். பக்கத்து மேசைக் கீபோர்டை ஒயரோடு பிடுங்கினாள்.

"என்னட்டீ மறைக்கே? யாருக்குட்டீ பதுக்குதே?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயிலேயே விழுந்தது அடி. கீபோர்டின் ஓரம் பல்லில் பட்டு, உதடு கிழிந்து, எழுத்துக் கட்டைகள் என் முகத்தைச் சுற்றிச் சிதறின. அடுத்த அடி தாடையில். காதுக்குள் விர்ரென்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. அது சில நாள் வரைக்கும் நிற்கவில்லை. மேசைக்கு அடியில் விழுந்தேன். யாரோ என் கையை மிதித்துக்கொண்டு போனார்கள். வாயில் கூழாங்கல் மாதிரி ஏதோ இருந்தது. துப்பினேன். பல்.

தரையில் படுத்தபடி பார்த்தேன். அந்தக் கணினியின் திரையை ஒருவன் நாற்காலிக் காலால் குத்தினான். அது ஒரு ஓட்டையோடு இன்னும் கொஞ்ச நேரம் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

போலீஸ் வந்தது. வந்த வேகத்துக்கு லத்திதான் பேசியது. படிக்கட்டில் இறங்கி ஓடியவர்களை மேலேயிருந்தும் கீழேயிருந்தும் அடித்தார்கள். உடைத்தவன், உடைக்காதவன், உள்ளே வரவே வராமல் தண்ணீர் பாட்டிலோடு நின்றவன், எல்லாருக்கும் விழுந்தது. குழந்தையோடு நின்ற ஒரு அம்மாவின் முழங்கையில் ஒரு அடி விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். என்னை இரண்டு பேர் தாங்கிக் கீழே இறக்கியபோது நூல் மூட்டைகளின் மேல் யாருடையதோ ரத்தம் தெறித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் உதட்டில் தையல் போட்டார்கள். இன்னொரு பல் ஆடிக்கொண்டிருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். கையில் எலும்பு முறியவில்லை, வீக்கம்தான். சாயங்காலத்துக்குள் அவள் என்னை அடிக்கும் வீடியோ ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. என் அம்மாவுக்கே யாரோ அனுப்பியிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, கஞ்சி டம்ளரை என் கையில் கொடுக்கும்போது, "திருப்பி ஒண்ணு போடக்கூடாதா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி எனக்கு முன்னாலேயே அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எஸ்.ஐ. ஒரு பெண். மேசையின் மேல் ஒரு புகார் தட்டச்சு செய்யப்பட்டுத் தயாராக இருந்தது. தேர்வு எழுத வந்தவர்கள் திட்டம் போட்டு இணைய ஒயரை அறுத்துவிட்டார்கள், அதனால்தான் மென்பொருள் இறங்கவில்லை, பிறகு கலவரம் செய்தார்கள் என்று எழுதியிருந்தது. கணினிப் பொறுப்பாளர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அவளும் அங்கேதான் இருந்தாள். சுவரோரம் தரையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். நீலச் சுடிதாரில் தோள் பக்கம் தையல் விட்டிருந்தது. இரண்டு உள்ளங்கையும் பணியாரம் மாதிரி உப்பியிருந்தன. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு பெண் கான்ஸ்டபிள் அவள் கூந்தலைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள்.

"பாருட்டீ! நல்லாப் பாரு, நீ பண்ண லெச்சணத்த!"

சொல்லிக்கொண்டே அறைந்தாள். அடி வாங்கியவள் அழவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் இறங்கியது, அதைத் துடைக்கவும் இல்லை. எனக்கு அப்போது அவள்மேல் இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். அந்த அறை என் வாய்க்குள் ஏதோ ஒரு இடத்தில் இதமாக இருந்தது. அதற்கடுத்த அறைக்குத்தான் அருவருப்பு வந்தது.

"போடும்மா கையெழுத்து. உனக்கு அடிபட்டதுக்கும் சேத்துத்தான்," என்றார் எஸ்.ஐ.

எனக்குப் பேச்சு சரியாக வரவில்லை. உதடு இரண்டு மடங்கு தடித்திருந்தது. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"ஒயர யாரும் அறுக்கல மேடம். கம்ப்யூட்டர்ல வருஷத்த மாத்தி வச்சிருந்தாக. அதனாலதான் எறங்கல. நான் கண்டுபிடிச்சி, ஒண்ணுல சரியும் பண்ணிட்டேன். ஓட ஆரம்பிச்சிட்டு."

முதலாளி எழுந்துவிட்டார். "மேடம், இந்தப் பிள்ளைக்கு அடிபட்டதுல மண்ட கொழம்பிக் கெடக்கு."

"வருஷம் தப்பா இருந்தா மானிட்டர ஒடைக்கலாமா?" என்று எஸ்.ஐ. என்னைத்தான் கேட்டார்.

"கூடாது மேடம். ஆனா ஒயர அறுக்கல."

அப்போது சுவரோரத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"யக்கா, ஓட ஆரம்பிச்சிட்டா? நான் அடிக்கையிலயா?"

நான் தலையை ஆட்டினேன்.

"எவ்வளவு நேரம் ஆயிருக்கும், எல்லாத்துலயும் வர?"

"ஒரு மணி நேரத்துக்குள்ள வந்திருக்கும்."

அவள் என்னையே பார்த்தாள். "எனக்கு இதோட வயசு முடிஞ்சிட்டுக்கா. இனி எந்தப் பரீட்சைக்கும் போட முடியாது," என்றாள். பிறகு திரும்பி நெற்றியைச் சுவரில் மோதினாள். ஒருமுறை மோதினாள் என்று நினைப்பதற்குள் மறுபடி, மறுபடி. கான்ஸ்டபிள் இழுத்தாள், நிற்கவில்லை. சுண்ணாம்புச் சுவரில் சிவப்பாக ஒட்டியது. நான் அங்கே போட்ட கூச்சலில் என் தையல் ஒன்று விட்டு, புகார் காகிதத்தின் மேலேயே ரத்தம் சொட்டியது. லத்தி செய்ய முடியாததை நான் சொன்ன உண்மை செய்துவிட்டது. கையெழுத்துப் போடாமல் வெளியே வந்தேன்.

மச்சினன் வாசலில் பைக்கில் சாய்ந்து நின்றான். "ஏட்டி, மிச்சப் பல்லு இருக்கது பிடிக்கலையோ?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

தேர்வுக் கம்பெனி ஒரு இன்ஜினியரைச் சென்னையிலிருந்து அனுப்பியது. அவர் என்னையும் கூடத்துக்கு வரச் சொன்னார். நான் போனபோது முதலாளியும் மச்சினனும் அவருக்கு இளநீர் கொடுத்துச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தப்பித்த கணினிகளைப் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் வருடம் சரியாக இருந்தது. புதிய பதிப்பும் தடையில்லாமல் இறங்கியது. அவர் என் பக்கம் திரும்பி, நீங்கள் ஸ்டேஷனில் சொன்னது மாதிரி இல்லையே என்றார். மச்சினன் அதற்கு முன்பே வந்து எல்லாவற்றையும் திருத்திவைத்திருக்கிறான்.

நான் அந்த உடைந்த மேசைகளைப் பார்த்தேன். திரை உடைந்து கிடந்தவற்றின் பெட்டிகள் அப்படியே இருந்தன. திரை இல்லாத பெட்டியில் அவன் எப்படித் திருத்தியிருப்பான்?

"சார், மானிட்டர் ஒடஞ்ச சிஸ்டத்துல நல்ல மானிட்டர மாட்டிப் பாருங்க," என்றேன்.

இன்ஜினியர் ஒயரைக் கையில் எடுத்தார். மச்சினன் குறுக்கே வந்தான்.

"அதெல்லாம் ஷார்ட் ஆயிருக்கும் சார், போட்டா வெடிச்சிரும். ஏட்டி, நீ வெளிய போ மொதல்ல."

நான் நகரவில்லை. நானே ஒரு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு, திரை உடைந்து கிடந்த நடு வரிசை மேசைக்குப் போனேன். பின்னாலிருந்து என் சடையைப் பிடித்தான். இழுத்த இழுப்பில் மானிட்டர் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. என் முகத்தை மேசையில் வைத்து அழுத்தினான். தைத்திருந்த உதடு மரப்பலகையில் தேய்ந்தது. "பேசுவியா? பேசுவியாட்டீ?" என்று காதுக்குள் கத்தினான். இன்ஜினியர் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். முதலாளி, "விடுப்பா, விடுப்பா," என்று தூரத்தில் நின்றார்.

என் வலது கை மேசைக்குக் கீழே தொங்கியது. அங்கே பிளக் சொருகும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தட்டுப்பட்டது. கனமான பழைய மரப்பெட்டி. ஒயரோடு உருவினேன். எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பின்னால் வீசினேன். அவன் காதுக்கு மேலே பட்டது. பிடி விட்டது. திரும்பினேன். அவன் கையை மண்டையில் வைத்துக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். அந்த முகத்தில் இன்னொன்று போட்டேன். கண்ணாடிச் சில்லுகளின் மேல் விழுந்தான். விழுந்தவனின் தோளில், முதுகில், அவன் மறைத்த கையில், வீசிக்கொண்டே இருந்தேன். இன்ஜினியர் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கி நகர்த்தும் வரை நிறுத்தவில்லை.

சுகமாக இருந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. கீபோர்டு, ஸ்டேஷனில் விழுந்த அறைகள், முதலாளியின் தட்டச்சுக் காகிதம் எல்லாம் அந்த மரப்பெட்டியின் வழியாக என்னைவிட்டு இறங்கிப்போன மாதிரி இருந்தது. அவளுக்கும் என்னை அடித்தபோது இப்படித்தான் இருந்திருக்கும் என்று அந்த இடத்திலேயே தெரிந்தது.

இன்ஜினியர் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு நல்ல மானிட்டரை உடைந்த கணினியோடு இணைத்தார். அது மெதுவாக எழுந்தது. மூலையில் போன வருடம். அடுத்ததிலும் போன வருடம். அவர் செல்போனில் ஒவ்வொன்றையும் படம் எடுத்தார். மச்சினன் தரையில் உட்கார்ந்து துண்டால் தலையை அழுத்திக்கொண்டிருந்தான். கீழே லாரியிலிருந்து மூட்டை இறங்கும் சத்தம் மட்டும் தொப் தொப்பென்று கேட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக முடிந்தது. கம்பெனி எங்கள் மையத்தை நீக்கியது. வழக்கு தங்கள் பக்கம் திரும்பிவிடும் என்று பயந்து முதலாளி தேர்வர்கள் மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றார். மச்சினன் என்மேல் கொடுத்த புகாரும், நான் அவன்மேல் கொடுத்ததும், எஸ்.ஐ. முன்னிலையில் சமாதானம் என்ற பெயரில் ஒன்றையொன்று தின்றுவிட்டன. எங்கள் மையத்துக்கு வந்த எல்லாருக்கும் திருநெல்வேலியில் மறுதேர்வு வைத்தார்கள். முதலில் விண்ணப்பித்தபோது இருந்த வயதையே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அடித்தவர்களையும் விலக்கவில்லை. அந்தப் பட்டியலில் அவளும் இருப்பாள் என்று தெரிந்தபோது எனக்கு வந்தது சந்தோஷமா எரிச்சலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இப்போது நான் தினமும் கடையநல்லூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போடும் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். நல்ல மனிதர்கள். ஆனால் மாடிப் படியில் நாலைந்து பேர் சேர்ந்து ஏறி வரும் சத்தம் கேட்டால் என் கை மேசைக்கு அடியில் எதையாவது தேடும். விசாவுக்கு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். கை அதை நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

போன ஆடியில் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். குருவிகுளம் பஸ் நிற்கும் இடத்தில், ஒரு பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் முடி ஓரத்தில் ஒரு தழும்பு. என்னைக் கண்டதும் போய்விடுவாள் என்று நினைத்தேன். நேராக என்னிடம் வந்தாள்.

"யக்கா, என்னத் தெரியுதா?"

"தெரியாமயா? பரீட்சை எழுதுனியா?"

"எழுதுனேன். வரலக்கா. ரெண்டு மார்க்குல போயிட்டு." குழந்தையின் கையை மாற்றிப் பிடித்தாள். "இப்பம் தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்கப் போறேன்."

நான் குழந்தையிடம் பெயர் கேட்டேன். அது அம்மாவின் பின்னால் ஒளிந்தது. அவள் திடீரென்று என் கையைப் பிடித்துத் தன் கன்னத்துக்குக் கொண்டுபோனாள்.

"ஒரு அடி அடிச்சிருங்கக்கா. சும்மா இல்ல, நெசமாவே அடிங்க. எனக்கு மனசு அடங்க மாட்டேங்குது."

சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். அவள் பிடி இறுக்கமாக இருந்தது. அவள் கன்னம் என் விரல்களில் சூடாகப் பட்டது. ஒரு கணம் என் கை உண்மையாகவே விறைத்தது. அதை நான் உணர்ந்தேன், அவளும் உணர்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். நான் கையை உருவிக்கொண்டேன்.

"போட்டீ. பஸ்ஸ எடுக்கப் போறான், பிள்ளயத் தூக்கிட்டு ஏறு," என்றேன்.

அவள் ஏறினாள். கூட்டத்தில் உட்கார இடம் கிடைத்ததா என்று நான் பார்க்கவில்லை.